பள்ளத்தில் இறங்கும் முன்: மண் சரிவு பற்றி ஒரு புது ஆள் தெரிந்துகொள்ள வேண்டியவை

கட்டட வேலைக்குப் புதிதாக வருகிறவருக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் மண் வேலைதான். கையில் மண்வெட்டியைக் கொடுத்து, "பள்ளத்துல இறங்கி அடியைச் சமன் பண்ணு தம்பி" என்பார்கள். சாரத்தில் ஏறச் சொன்னால் எவருக்கும் ஒரு கணம் கால் தயங்கும். பள்ளத்தில் இறங்க யாரும் தயங்குவதில்லை. தரையில்தானே நிற்கப் போகிறோம், விழ என்ன இருக்கிறது என்று தோன்றும். தலைக்கு மேலே நிற்கும் மண் விழும் என்பது அப்போது நினைவுக்கு வராது.

நான் மேற்பார்வை பார்த்த ஒரு வேலையில் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் சரிந்தது. ஆழம் ஆறடிதான். அன்று காலையில் அதன் ஓரத்தில் மெல்லிய கோடு ஒன்று ஓடியிருந்ததைப் பார்த்தேன். யாரோ கம்பியால் கிழித்த மாதிரி இருந்தது. தாண்டிப் போய்விட்டேன். பத்தரை மணிக்கு அந்தக் கோட்டிலேயே மண் பிளந்து இறங்கியது. உள்ளே வேலை செய்துகொண்டிருந்த இளைஞர் இடுப்பு வரை புதைந்தார். உயிர் பிழைத்தார், ஆனால் காலைக் காப்பாற்ற மருத்துவர்கள் பாடுபட வேண்டியிருந்தது. அந்தக் கோட்டைப் பார்த்ததும் எந்தப் புது ஆளும் நின்று குரல் கொடுக்க வேண்டும். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

மண்ணின் எடை

ஒரு கன மீட்டர் மண் ஏறக்குறைய 1,500 முதல் 2,000 கிலோ வரை கனக்கும். ஒரு சிறிய கார்கூட அந்த எடை இருக்காது. 1.5 மீட்டர் ஆழப் பள்ளத்தின் பக்கச் சுவரிலிருந்து, 2 மீட்டர் நீளத்துக்கு, மேலே அரை மீட்டர் தடிப்பும் கீழே கூருமாக ஆப்பு வடிவில் ஒரு துண்டு பிரிகிறது என்று வையுங்கள். அதுவே 1,100 கிலோவைத் தாண்டும். மேல் விளிம்பிலிருந்து அடிக்கு வர அதற்கு அரை நொடி போதும். மண் அசைந்தால் தாவி வெளியே வந்துவிடலாம் என்று நினைக்கிறவர் அந்த அரை நொடியைக் கணக்கில் எடுப்பதில்லை.

தலை வெளியே தெரிந்தால் ஆபத்தில்லை என்று நினைப்பதும் தவறு. மண் நெஞ்சு வரை வந்துவிட்டால், மூச்சை விடும்போது நெஞ்சு சுருங்குகிறது, அந்த இடத்தில் மண் இறங்கி அடைத்துக்கொள்கிறது. அடுத்த மூச்சை இழுக்க நெஞ்சு விரிய இடமில்லை. முகம் காற்றில் இருக்கும்போதே சில நிமிடங்களில் மூச்சு நின்றுவிடும்.

1.5 மீட்டருக்கு மேல் ஆழமிருந்தால் பக்கங்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று பல நாட்டு விதிகள் சொல்கின்றன. அதைப் பிடித்துக்கொண்டு "இது நாலடிதான், ஒண்ணும் ஆகாது" என்பார்கள். நிற்கிற ஆளுக்கு நாலடி நெஞ்சளவு. ஆனால் பள்ளத்துக்குள் யாரும் நின்றுகொண்டே வேலை பார்ப்பதில்லை. குழாயை இணைக்க மண்டியிடுவார், அடியைச் சமன் செய்யக் குனிவார். மண்டியிட்டவரின் தலை மூன்றடி, மூன்றரை அடிக்கு வந்துவிடும். ஆழத்தை அளக்கும்போது அந்த ஆள் எந்த நிலையில் வேலை பார்க்கப் போகிறார் என்றும் பாருங்கள். மண் தளர்வாக இருந்தால் ஒரு மீட்டர் பள்ளத்துக்கும் பாதுகாப்புக் கேளுங்கள்.

முதல் படி: அங்கே முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள்

மேஸ்திரியிடமோ சூப்பர்வைசரிடமோ இதைக் கேட்பதில் தவறே இல்லை. ஒருமுறை தோண்டி மூடிய மண் பழைய பிடிமானத்துக்குச் சுலபத்தில் திரும்புவதில்லை. பழைய குழாய், கேபிள், மூடிய கிணறு, குப்பை கொட்டி நிரவிய இடம் எதுவாக இருந்தாலும் அந்தப் பக்கச் சுவர் பலவீனமானது. சொல்ல ஆளில்லை என்றால் சுவரையே பாருங்கள். ஒரே நிறமாக வந்த மண் ஓரிடத்தில் திடீரென நிறம் மாறுகிறதா? செங்கல் துண்டு, பிளாஸ்டிக் பை, கரி தெரிகிறதா? அது கொட்டி நிரப்பிய மண். இயற்கையான மண்ணில் பிளாஸ்டிக் பை இருக்காது.

மண்ணின் ரகத்தைக் கையாலேயே ஓரளவு அறியலாம். அப்போதே தோண்டிப் போட்ட மண்ணில் ஒரு பெரிய கட்டியை எடுத்துக் கட்டை விரலால் அழுத்துங்கள். பலம் கொடுத்தும் விரல் பதியவில்லை என்றால் இறுகிய களிமண். சுலபமாக உள்ளே போனால் தளர்ந்த மண். மணலில் கட்டியே நிற்காது. இது தோராயமான சோதனைதான். இதைச் செய்துவிட்டு நாமே முடிவெடுத்து இறங்கிவிடக் கூடாது. பள்ளத்துக்குப் பொறுப்பான ஆளிடம் சரியான கேள்வி கேட்க இது உதவும்.

ஈர மணல் ஏமாற்றும். காலையில் ஈரத்தோடு வெட்டினால் கத்தியால் அறுத்த மாதிரி நேராக நிற்கும். அந்த ஈரம்தான் மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. வெயில் ஏறி ஈரம் போனதும் பிடியும் போய்விடும். களிமண் வேறு விதமாக ஏமாற்றும். நாள்கணக்கில் அசையாமல் நிற்கும், மேலே காய்ந்து வெடிப்பு விடும், அடுத்த மழையில் வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கி முழுத்துண்டாகப் பிளந்து விழும். "நேத்தெல்லாம் நல்லாத்தானே நின்னுச்சு" என்பது நேற்றைக்கு மட்டும்தான் செல்லும்.

இரண்டாம் படி: பக்கச் சுவருக்கு என்ன செய்திருக்கிறார்கள்?

வழி மூன்றுதான். பக்கங்களைச் சரிவாக வெட்டுவது, பலகையும் முட்டும் கொடுத்துத் தாங்குவது, இரும்புப் பெட்டி போன்ற காப்புச் சட்டத்தை உள்ளே இறக்கி அதற்குள் நின்று வேலை பார்ப்பது.

சரிவு என்றால் ஒப்புக்கு மேல் விளிம்பைக் கொஞ்சம் செதுக்குவது அல்ல. தளர்ந்த மண்ணில் ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் ஒவ்வொரு பக்கமும் 1.5 மீட்டர் விலக்கி வெட்ட வேண்டும் என்கிறது அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி. 2 மீட்டர் ஆழம், அடியில் 60 சென்டிமீட்டர் அகலம் என்றால் மேலே 6.6 மீட்டர் அகலம் வரும். நெருக்கடியான இடத்தில் இதற்கு வழியில்லை. இடமில்லை என்பதால் சரிவை விட்டுவிட முடியாது. அங்கே முட்டுக் கொடுத்தாக வேண்டும். தளர்ந்த மண்ணில் படிக்கட்டு போல வெட்டுவதும் உதவாது, படியே உதிர்ந்துவிடும்.

முட்டுக் கொடுப்பதில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு, பலகையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு ஷோரிங் (முட்டு வேலை) முடிந்தது என்பது. சாய்ந்து நிற்கும் பலகை எதையும் தாங்காது. இரு பக்கப் பலகைகளுக்கும் இடையில் குறுக்குக் கட்டையோ திருகு ஜாக்கியோ இறுக்கமாக நிற்க வேண்டும். பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி இருக்கக் கூடாது. கையால் தட்டிப் பாருங்கள். ஆடினால் அது முட்டு இல்லை. பொருத்தும்போது மேலிருந்து கீழாகவும், கழற்றும்போது கீழிருந்து மேலாகவும் போக வேண்டும், மண்ணை நிரப்பிக்கொண்டே. கழற்றும் நாளில்தான் கவனம் தளரும். வேலை முடிந்துவிட்டதே என்று ஒரே மூச்சில் எல்லாக் கட்டையையும் உருவச் சொன்னால் உள்ளே நிற்காதீர்கள்.

காப்புச் சட்டம் இருக்கும் பள்ளத்தில் அதற்கு வெளியே ஓரடி எடுத்து வைத்தாலும் பாதுகாப்பு இல்லை. சட்டத்தைத் தூக்கி நகர்த்தும்போது உள்ளே யாரும் இருக்கக் கூடாது. 6 மீட்டருக்கு மேல் ஆழம் என்றால் மேஸ்திரியின் அனுபவம் போதாது, பொறியாளர் கணக்குப் போட்டு வரைந்து கொடுத்த ஏற்பாடு வேண்டும்.

மூன்றாம் படி: ஓரத்தைக் காலியாக வையுங்கள்

இது மண் சுமக்கிறவர்கள் கையில் இருக்கிறது. பாண்டில், அதாவது மண் சுமக்கும் சட்டியில், மண்ணை வாங்கியதும் பக்கத்திலேயே கொட்டினால் நடை மிச்சம். ஆனால் அந்தக் குவியல் முழுக்க விளிம்பின் தலையில் ஏறி உட்கார்கிறது. ஓஷா கேட்பது குறைந்தது 60 சென்டிமீட்டர் தள்ளி. இந்திய மத்தியப் பொதுப்பணித் துறையின் பாதுகாப்பு விதி இன்னும் கடுமையானது: 1.5 மீட்டர் அல்லது பள்ளத்தின் ஆழத்தில் பாதி, எது அதிகமோ அது. நான் இரண்டாவதைத்தான் பின்பற்றுவேன். செங்கல், ஜல்லி, குழாய், லாரி, ஜேசிபி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஓடும் வண்டியின் அதிர்வு நிற்கிற வண்டியின் எடையைவிட மோசம்.

பக்கத்தில் மதில் சுவரோ மரமோ மின்கம்பமோ இருந்தால் தனிக் கவனம் வேண்டும். பள்ளம் மதிலின் அஸ்திவாரத்துக்குக் கீழே போகிறது என்றால், மதிலுக்கு முட்டுக் கொடுக்காமல் ஒரு கூடை மண்கூட எடுக்கக் கூடாது. பக்கச் சுவரின் அடியைக் குடைந்து குகை மாதிரி தோண்டுவதும் அதே ரகம். சிலர் அதை வேகமான வேலை என்று சொல்லித் தருவார்கள். கற்றுக்கொள்ளாதீர்கள்.

நான்காம் படி: ஏணி

1.2 மீட்டருக்கு மேல் ஆழம் என்றால் ஏணி இருக்க வேண்டும். எங்கே நின்றாலும் 7.5 மீட்டருக்குள் எட்ட வேண்டும், விளிம்புக்கு மேலே ஏறக்குறைய ஒரு மீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஏணியும் பாதுகாப்புள்ள பகுதிக்குள்ளேயே நிற்கட்டும். குறுக்குக் கட்டைகளில் கால் வைத்து ஏறினால் முட்டு தளரும். ஜேசிபி பக்கெட்டில் உட்கார்ந்து இறங்குவது வேண்டவே வேண்டாம்.

டீசல் மோட்டாரைப் பள்ளத்துக்குள் இறக்கி வைத்துத் தண்ணீர் இறைக்காதீர்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு பள்ளத்துக்குள்ளேயே தேங்கி ஆளை மயக்கிவிடும். சாக்கடை, செப்டிக் டேங்க் அருகே தோண்டும்போது காற்றைக் கருவி வைத்துச் சோதிக்காமல் இறங்கக் கூடாது.

ஐந்தாம் படி: ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டிய அடையாளங்கள்

காலையில் வேலை தொடங்கும் முன், மழைக்குப் பின், நீண்ட இடைவேளைக்குப் பின், அருகே கனமான வண்டி போன பின், பொறுப்பான ஆள் சுற்றிப் பார்க்க வேண்டும். அவரோடு நீங்களும் போங்கள். இதைக் கற்றுக்கொள்ள வேறு பள்ளிக்கூடம் கிடையாது.

விளிம்பிலிருந்து பின்னால் நகர்ந்து தரையைப் பாருங்கள். பள்ளத்துக்கு இணையாக ஓடும் வெடிப்பைத் தேட வேண்டும். அது விளிம்பிலேயே இருக்க வேண்டியதில்லை. ஆழத்தில் பாதி முதல் முக்கால் பங்கு தூரம் வரை தள்ளியும் வரும். 2 மீட்டர் பள்ளத்துக்கு ஒன்றரை மீட்டர் தள்ளித் தேட வேண்டும். புல்லோ தூசியோ மூடியிருந்தால் காலால் விலக்குங்கள். நான் தாண்டிப்போன கோட்டின் அகலம் ஒரு தீக்குச்சித் தடிப்புதான். ஒரு மெல்லிய குச்சியை விட்டுப் பார்த்திருந்தால் முழுதும் உள்ளே போயிருக்கும். அகலத்தை வைத்து வெடிப்பை எடை போடாதீர்கள்.

உள்ளே இருக்கும்போது காதையும் கண்ணையும் சுவர்மேல் வையுங்கள். சின்னச் சின்ன உருண்டைகள் பொலபொலவென்று உதிர்ந்துகொண்டே இருக்கும். காலையில் யாரும் தொடாத இடத்தில் ஒரு கைப்பிடி மண் குவிந்திருக்கும். சுவரின் நடுப்பகுதி வயிறு தள்ளினாற்போல உப்பும். முட்டுக் கட்டை முனகும், அல்லது பலகை வளையும். அடியில் மண் மேலெழும்பும், கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் குமிழியிடும். இதில் ஒன்று கண்ணில் பட்டாலும் கருவியை அப்படியே போட்டுவிட்டு ஏறுங்கள். மண்வெட்டியை எடுக்கத் திரும்பாதீர்கள்.

தண்ணீர் இறைக்கும் குழாயின் வாயையும் கவனியுங்கள். தெளிவாக வந்த தண்ணீர் கலங்கி மணலோடு வந்தால், சுவருக்குப் பின்னாலிருந்து மண் கரைந்து வருகிறது என்று பொருள். வெளியே சுவர் நன்றாகத் தெரியும். உள்ளே வெற்றிடம் ஆகிக்கொண்டிருக்கும்.

"இறங்க மாட்டேன்" என்பதை எப்படிச் சொல்வது?

புது ஆளுக்கு இது மிகக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். கூலி போய்விடும், கோழை என்பார்கள், நாளைக்குக் கூப்பிட மாட்டார்கள். "பயமா இருக்கு" என்று சொன்னால் "பயந்தா வேலைக்கு வராதே" என்று பதில் வரும். அதனால் பயத்தைச் சொல்லாதீர்கள், வெடிப்பைக் காட்டுங்கள். "அண்ணே, இங்க வெடிப்பு ஓடுது, ஒருதடவை வந்து பாருங்க. முட்டுக் கொடுத்ததும் இறங்கிடுறேன்." நாலு பேர் முன்னால் வந்து பார்த்தவர், பார்க்காத மாதிரி போவது கடினம். அதுவரை மேலே வேறு வேலையைக் கையில் எடுங்கள்; சும்மா நிற்கிறான் என்ற பேச்சு வராது. தனி ஆளாகச் சொல்வதைவிட இரண்டு பேர் சேர்ந்து சொன்னால் எடுபடும். பள்ளத்துக்குள் ஒருவர் இருக்கும்போது மேலே ஒருவர் கண் எடுக்காமல் நிற்க வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுப் பெறுங்கள்.

சரிந்துவிட்டால்

கூட வேலை செய்கிறவர் மண்ணுக்குள் போனதும் நம் கால்கள் தானாகவே உள்ளே குதிக்கப் பார்க்கும். அந்தக் கணத்தில் நின்றாக வேண்டும். ஒரு பக்கம் சரிந்த பிறகு மீதிச் சுவர் இன்னும் செங்குத்தாக, பிடி இல்லாமல் தொங்குகிறது. இரண்டாவது சரிவில் காப்பாற்றப் போனவர் புதைவது உலகெங்கும் திரும்பத் திரும்ப நடக்கிறது.

முதலில் கத்துங்கள். பள்ளத்தின் மற்ற பகுதிகளில் இருப்பவர்கள் ஏறட்டும். ஓரத்தில் கூடுகிறவர்களைப் பின்னால் தள்ளுங்கள். பத்துப் பேரின் எடையும் அந்த விளிம்புக்குச் சுமைதான். எல்லா இயந்திரத்தையும் நிறுத்துங்கள். உள்ளே தண்ணீர் ஊறினால் இறைக்கும் மோட்டார் மட்டும் ஓடட்டும். தீயணைப்பு மீட்புக் குழுவையும் ஆம்புலன்ஸையும் அழைத்து, "விபத்து" என்று மட்டும் சொல்லாமல் "பள்ளம் சரிந்து ஆள் மண்ணுக்குள் இருக்கிறார், ஆழம் இவ்வளவு" என்று சொல்லுங்கள். வரும் கருவிகள் அதைப் பொறுத்துத்தான் இருக்கும். வழி காட்ட ஒருவரைச் சாலைக்கு அனுப்புங்கள். தலை எண்ணிப் பாருங்கள். புதைந்தவர் ஒருவரா இருவரா என்பது குழப்பத்தில் தவறிப்போகும். அவர் கடைசியாக நின்ற இடத்தை மேலே ஏதாவது வைத்துக் குறியுங்கள். வெளியே தெரியும் ஹெல்மெட்டையோ மண்வெட்டிப் பிடியையோ பிடுங்காதீர்கள், தேடுகிறவர்களுக்கு அதுதான் அடையாளம். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜேசிபியால் தோண்டி எடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். பக்கெட்டின் பல்லுக்கு மண்ணும் மனிதனும் ஒன்று. கயிறு கட்டி இழுக்கச் சொல்வார்கள். இடுப்பு வரை இறுகிய மண் விடாது. மூட்டும் முதுகெலும்பும்தான் பிய்யும்.

எங்கள் பையன் பிழைத்ததற்குக் காரணம், பள்ளத்தில் முட்டுக் கொடுக்காமல் விட்டிருந்தாலும், பலகைகளும் ஜாக்கிகளும் பக்கத்திலேயே கிடந்தன. வந்த மீட்புக் குழு மேலிருந்தபடியே மீதிச் சுவருக்கு அவற்றை நிறுத்தி, பிறகுதான் இறங்கியது. அதுவரை வயதில் மூத்த ஒரு சித்தாள் அம்மா விளிம்பிலிருந்து தள்ளிப் போட்ட பலகையில் படுத்துக்கொண்டு அவனோடு விடாமல் பேசினார். "கண்ணைத் திறடா ராசா, நெஞ்சுக்கிட்ட இருக்கிற மண்ணைக் கையால தள்ளு." கை வெளியே இருந்ததால் அவனே தள்ளினான். ஒரு ஹெல்மெட்டையும் இறக்கிக் கொடுத்தோம். பாதுகாப்பான இடத்திலிருந்து எட்டுமானால் வாயையும் மூக்கையும் நெஞ்சையும்தான் முதலில் விடுவிக்க வேண்டும். மீதி மண்ணைக் கையாலும் சிறு கரண்டியாலும் சட்டியாலும் எடுப்பார்கள். நேரம் ஆகும். எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது.

வெளியே எடுத்த பிறகு

அவன் வெளியே வந்ததும் சிரித்தான். காயமே இல்லையே என்று எல்லோரும் கைதட்டினார்கள். ஆபத்து அங்கேதான் ஒளிந்திருந்தது.

தசை நெடுநேரம் நசுங்கிக் கிடந்தால் அதிலிருந்து பொட்டாசியமும் தசைப் புரதமும் கசிந்து தேங்கும். அழுத்தம் விலகியதும் அவை ஒரே நேரத்தில் ரத்தத்தில் கலந்து, இதயத் துடிப்பை நிறுத்தவும் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யவும் முடியும். இரண்டாம் உலகப் போரில் லண்டனில் குண்டு வீச்சுக்கு இடிந்த வீடுகளுக்கு அடியிலிருந்து மீட்கப்பட்டவர்களிடம் இதைக் கண்டு, பைவாட்டர்ஸ் என்ற மருத்துவர் 1941இல் விவரித்தார். நசுங்கல் நோய் என்று சொல்லலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் கை கால் புதைந்திருந்தால் இதை எதிர்பார்க்க வேண்டும். குறைந்த நேரத்திலும் வரலாம். அதனால் ஆம்புலன்ஸ் ஊழியர் வந்ததும், எத்தனை மணிக்குப் புதைந்தார், எந்தப் பாகம் என்று சொல்லுங்கள். முழு எடையையும் விலக்கும் முன்பே அவர்கள் சலைன் ஏற்றத் தொடங்குவார்கள். ஆனால் நெஞ்சிலும் முகத்திலும் உள்ள மண்ணை எடுக்க யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது.

எழுப்பி நடக்க வைக்காதீர்கள்; முதுகெலும்பில் அடி இருக்கலாம். மூச்சு இல்லையென்றால் வாய்க்குள் இருக்கும் மண்ணை எடுத்துவிட்டு, தெரிந்தவர் செயற்கைச் சுவாசமும் மார்பு அழுத்தமும் தொடங்கட்டும். ஈரத்தில் கிடந்தவருக்கு உடல் சூடு இறங்கியிருக்கும், போர்த்துங்கள். குடிக்க எதுவும் தர வேண்டாம், அறுவை சிகிச்சை தேவைப்படலாம். எவ்வளவு தெம்பாகத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போகாமல் விடக் கூடாது.

அடுத்த சில நாள்களில் காலில் வீக்கம் இறுகினாலோ, தாங்க முடியாத வலி வந்தாலோ, விரல்கள் மரத்தாலோ, சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனாலோ, சிறுநீரே குறைந்தாலோ உடனே திரும்பப் போக வேண்டும். எங்கள் பையனுக்கு அன்று மாலையே கால் கல்லாக இறுகியது. தசை உறையைக் கீறி அழுத்தத்தைக் குறைத்துத்தான் காலைக் காப்பாற்றினார்கள். மருத்துவமனையில் இருந்ததால் அது முடிந்தது.

சேர்க்கும்போதே "வேலை செய்யும் இடத்தில் பள்ளம் சரிந்து ஏற்பட்ட காயம்" என்று மருத்துவப் பதிவில் எழுதச் சொல்லுங்கள். வழுக்கி விழுந்தார் என்று எழுத யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பின்னால் இழப்பீடு கேட்கும்போது அந்த ஒரு வரிதான் குறுக்கே நிற்கும். பள்ளத்தை மூடும் முன் விளிம்பு, மண் குவியல், வெடிப்பு, முட்டு இருந்ததா இல்லையா என்பதெல்லாம் தெரிய, பள்ளத்திலிருந்து தள்ளி நின்று படம் எடுங்கள். பார்த்தவர்கள் பெயரையும் நேரத்தையும் அன்றே எழுதி வையுங்கள். விசாரிக்க அதிகாரிகள் வரும்வரை அந்தப் பள்ளத்தில், விழுந்த கருவியை எடுக்கக்கூட, யாரும் இறங்கக் கூடாது.